விமான நிலையத்தில் எடுத்த அந்தப் படம்

நேற்று அந்தப் படம் மறுபடியும் என் கண்ணில் பட்டது. தென்கொரியாவின் இன்சியான் விமான நிலையம், 2007 ஜூலை. ஆப்கானிஸ்தானுக்குப் போகாதீர்கள் என்று எச்சரிக்கும் அறிவிப்புப் பலகை. அதன் பக்கத்தில் சிரித்தபடி போஸ் கொடுக்கும் கிறிஸ்தவச் சபைக் குழு. கீழே நண்பர் ஒருவர் ‘சொந்தக் காசில் சூனியம்’ என்று எழுதி, இரண்டு சிரிப்பு எமோஜியும் போட்டிருந்தார்.

முதல் தடவை பார்த்தபோது நானும் சிரித்தவன்தான். முழுக் கதையும் தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது, ஆனால் அது படத்தில் இருக்கிறவர்கள் மேல் இல்லை.

சியோலுக்குத் தெற்கே புண்டாங் பகுதியில் உள்ள ஒரு பிரஸ்பிடேரியன் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) சபையிலிருந்து ஜூலை 13 அன்று கிளம்பியவர்கள் இவர்கள். நர்ஸ் உண்டு, ஆசிரியை உண்டு, பெரும்பாலும் இளம் வயது. காந்தகாரில் மருத்துவ உதவியும் குழந்தைகள் மத்தியில் ஊழியமும் செய்வது திட்டம். அங்கே ஏற்கெனவே இருந்த மூன்று கொரியர்கள் வழிகாட்டச் சேர்ந்துகொள்ள, மொத்தம் 23 பேர். அதில் 16 பேர் பெண்கள். ஜூலை 19 அன்று காபூலிலிருந்து வாடகை பஸ்ஸில், பாதுகாப்புக்கு ஒரு போலீஸ் வண்டிகூட இல்லாமல், காந்தகார் நெடுஞ்சாலையில் போனார்கள். கஜினி மாகாணத்தில் தாலிபான் பஸ்ஸை மடக்கி, 23 பேரையும் பிணைக்கைதிகளாகப் பிடித்தது. (ஆமாம், பள்ளிக்கூடத்தில் படித்த கஜினி முகமதுவின் அதே கஜினிதான்.)

தாலிபானின் முதல் கோரிக்கை, ஆப்கானிஸ்தானில் இருக்கும் கொரியப் படை வெளியேற வேண்டும். அடுத்தது, சிறையில் இருக்கும் தங்கள் ஆட்களை விட வேண்டும். ஆப்கன் அரசு முடியாது என்றது. அந்த வருடம் மார்ச்சில்தான் ஒரு இத்தாலியப் பத்திரிகையாளருக்காக ஐந்து தாலிபான்களை விடுவித்து, உலகம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேரத்தில் இத்தாலியர் வீடு திரும்பினார். கூடப் போன ஆப்கன் டிரைவரும் மொழிபெயர்ப்பாளரும் கொல்லப்பட்டார்கள். இந்த இருவரை யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

ஜூலை 25 அன்று, குழுவை அழைத்துப் போன போதகரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று அவருக்கு 42-வது பிறந்தநாள். சில நாட்களில் 29 வயது இளைஞர் ஒருவரையும் கொன்றார்கள்.

மற்றவர்களைச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்து, ஊர் ஊராக மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெண், எங்கே சோதித்தாலும் இங்கே பார்க்க மாட்டார்கள் என்று, தான் போட்டிருந்த வெள்ளை பேண்ட்டின் உள்பக்கத்தில் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். என்றைக்கு எங்கே கொண்டுபோனார்கள், என்ன சாப்பிட்டோம் என்று. போட்டிருக்கும் துணியே டைரி.

ஆகஸ்ட் 13 அன்று இரண்டு பெண்களை மட்டும் விட்டார்கள். அந்த இரண்டில் ஒரு இடம் வேறொரு பெண்ணுக்கு வந்தது என்றும், அவர் ‘நீ போ’ என்று தன் இடத்தை விட்டுக்கொடுத்தார் என்றும் பின்னால் தெரியவந்தது. பேச்சுவார்த்தை நீண்டு, ஆகஸ்ட் கடைசியில் மீதி 19 பேரும் வெளியே வந்தார்கள்.

சரி, கோபம் யார் மேல்?

நானும் சபையில் வளர்ந்தவன். வாலிபர் கூட்டத்தோடு ஊழியப் பயணம் போயிருக்கிறேன். வெளிநாடெல்லாம் இல்லை, மலைக் கிராமங்கள்தான். திரும்பி வந்ததும் ஞாயிறு ஆராதனையில் மைக்கைக் கொடுத்து சாட்சி, அதாவது கடவுள் நம்மை நடத்திய அனுபவத்தை, சொல்லச் சொல்வார்கள். போனோம், மருந்து கொடுத்தோம், வந்தோம் என்றால் சபை கொட்டாவி விடும். ‘ஜீப் பள்ளத்தில் இறங்கிவிட்டது, ஊர்க்காரர்கள் கம்போடு வந்தார்கள்’ என்று ஆரம்பித்தால் அல்லேலூயா கூரையைப் பிய்க்கும். நானே ஒரு தடவை மூன்று பேர் வந்ததை முப்பது பேராக்கியிருக்கிறேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். ஆபத்து கூடக் கூட சாட்சிக்கு மவுசு கூடும். இதைக் கேட்டே வளர்கிற இருபது வயசுப் பிள்ளைக்கு எச்சரிக்கைப் பலகை எப்படித் தெரியும்? சாட்சியின் முதல் வரி மாதிரி தெரியும். எனக்கு அந்தப் படத்தில் தெரிவது அதுதான்.

கொரியச் சபைகளுக்கு இந்த ஆபத்து தெரியாமல் இல்லை. 2004-ல் ஈராக்கில் மொழிபெயர்ப்பாளராக இருந்த, மிஷனரி ஆகும் கனவோடு போன ஒரு கொரிய இளைஞரின் தலையைத் துண்டித்தார்கள். 2006-ல் காபூலில் சமாதானத் திருவிழா நடத்த வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொரியக் கிறிஸ்தவர்களை ஆப்கன் அரசு திருப்பி அனுப்பியது. அப்புறமும் குழு போகிறது என்றால், அனுப்பின பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

‘எங்கள் உயிர், கர்த்தருக்குக் கொடுக்கிறோம், உங்களுக்கு என்ன?’ என்று கேட்கிற விசுவாசிகளை எனக்குத் தெரியும். உயிர் உங்களுடையதுதான். பில் உங்களோடு நிற்பதில்லை. விடுதலைக்கான ஒப்பந்தத்தில் கொரியா ஒத்துக்கொண்டது என்ன? சுமார் 200 படையினரை வருட முடிவுக்குள் திரும்பக் கூப்பிடுவது. அது ஏற்கெனவே முடிவானதுதான், அவர்களும் பெரும்பாலும் மருத்துவப் பிரிவும் பொறியியல் பிரிவும். மிஷனரி வேலையை நிறுத்துவது. அதோடு, கொரியத் தொண்டு நிறுவன ஆட்கள் எல்லோரும் அந்த நாட்டை விட்டுக் கிளம்புவது. பத்து நாள் பயணம் வந்தவர்களால், வருடக்கணக்கில் அங்கேயே தங்கி மொழி கற்று வேலை பார்த்தவர்களும் மூட்டை கட்டினார்கள். அவர்களிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஆப்கன் தாய்மார்கள் எந்தப் பேச்சுவார்த்தையிலும் உட்காரவில்லை.

அதற்காக கொரிய இணையவாசிகள் செய்ததையும் ஒப்புக்கொள்ள முடியாது. பிள்ளைகள் பிணைக்கைதிகளாக இருக்கும்போதே அவர்களுடைய பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்துத் திட்டினார்கள். கொரிய மொழியில் கிறிஸ்தவத்துக்கு ‘கிதோக்யோ’ என்று பெயர். அதன் முதல் எழுத்தை மாற்றி ‘கேதோக்யோ’ ஆக்குவார்கள். ‘கே’ என்றால் நாய். அந்த வசவு அந்த வருடம் எங்கும் பறந்தது. செப்டம்பர் 2 அன்று அதே இன்சியானில் வந்திறங்கியவர்கள் தலை குனிந்து நாட்டிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அந்தப் படமும் இணையத்தில் இருக்கிறது, யாரும் பகிர்வதில்லை.

வெள்ளை பேண்ட் விஷயத்தையும், இடத்தை விட்டுக்கொடுத்த பெண்ணையும் பற்றி நேற்று இரவு அந்த நண்பருக்கு இன்பாக்ஸில் எழுதினேன். காலையில் பார்த்தால் எமோஜி இரண்டையும் எடுத்துவிட்டிருக்கிறார். ‘சொந்தக் காசில் சூனியம்’ அப்படியே இருக்கிறது.