எத்தனை லாரி போனது என்று கேட்காதீர்கள்

எங்கே புயல் அடித்தாலும், பூமி அதிர்ந்தாலும், இரண்டு மூன்று நாளில் வரும் செய்தி ஒரே மாதிரிதான் இருக்கும். இத்தனை டன் நிவாரணப் பொருள், இத்தனை லாரி, இத்தனை விமானம். கூடவே கொடியசைத்து வழியனுப்பும் படம் ஒன்று. எனக்கு இந்த எண்களைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நான் பிழைப்பது சரக்கு விநியோகத்தில். சோப்பு, பிஸ்கட், ஷாம்பூ எல்லாம் குடோனிலிருந்து கடைக்குப் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மேனேஜரிடம் போய் "இன்னைக்கு இவ்வளவு லோடு அனுப்பிட்டேன் சார்" என்றால், "எந்தக் கடைக்கு எது போய்ச் சேரல, அதைச் சொல்லு" என்பார். ஒரு சோப்புக்கட்டிக்கு இருக்கும் இந்தக் கணக்கு, கூரை பறந்த வீட்டுக்குப் போகும் தார்ப்பாய்க்கு ஏன் இல்லை?

அனுப்பியதை மட்டும் எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு 2004 சுனாமியே போதும். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் மருந்து குவிந்தது. பிறகு அங்கே போய் ஆய்வு செய்த பிரெஞ்சு மருந்தாளர் அமைப்பு ஒன்று சொன்ன கணக்கு: சுமார் 4,000 டன். அதில் பாதிக்கு மேல் அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. பெரும்பாலானவற்றின் மேல் ஒட்டியிருந்த லேபிள் அங்கிருந்த டாக்டருக்கோ நர்ஸுக்கோ புரியாத மொழியில் இருந்தது. சுமார் 600 டன்னை அழிக்க வேண்டிய நிலை. அதற்கும் காசு, ஆள், இடம் வேண்டும். அனுப்பிய நாடுகளின் அறிக்கையில் மட்டும் அந்த 4,000 டன்னும் உதவிதான்.

நம் பக்கம் நாகப்பட்டினத்தில் பழைய துணி. மூட்டை மூட்டையாக வந்து சாலையோரத்தில் கிடந்து மழையில் நனைந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். கடலில் உழைத்துக் கௌரவமாக வாழ்ந்த மீனவக் குடும்பங்கள், யாரோ உடுத்திக் கழித்த துணியைத் தொடவே விரும்பவில்லை. இதில் தப்பு அவர்கள் மேல் என்று இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை விடுங்கள். எனக்குக் கணக்குதான் உறுத்துகிறது. அந்த மூட்டைகளை ஏற்றிய லாரியில் வேறு ஏதோ ஏறியிருக்கலாம். இறக்கிய கூலியாட்கள் வேறு எதையோ இறக்கியிருக்கலாம். வேண்டாத சரக்கு சும்மா கிடப்பதில்லை, வேண்டிய சரக்கின் வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது. லத்தீன் அமெரிக்க நாடுகள் இதை அனுபவத்தில் புரிந்துகொண்டு, 1990களிலேயே, வந்திறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் இது அவசரம், இது பிறகு, இது முன்னுரிமை இல்லாதது என்று பிரித்துக் கணினியில் ஏற்றும் முறையைக் கொண்டுவந்துவிட்டன.

அளக்கவே யாரும் முயலவில்லை என்று சொல்ல மாட்டேன். 2006இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவி ஒருவர், செஞ்சிலுவைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்போடு சேர்ந்து நான்கு அளவுகோல்களைத் தன் ஆய்வேட்டில் வகுத்தார். கேட்ட பொருளில் எவ்வளவு கிடைத்தது, நன்கொடை உறுதியானதிலிருந்து சரக்கு வந்து சேர எத்தனை நாள், போட்ட பட்ஜெட்டுக்கும் ஆன செலவுக்கும் எவ்வளவு வித்தியாசம், முதலில் போட்ட தேவைப் பட்டியல் எவ்வளவு சரியாக இருந்தது. நல்ல அளவுகோல்கள்தான். நான்காவது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் வேண்டாத துணிக்கும் மருந்துக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இரண்டாவதைப் பாருங்கள். கொடுப்பவர் சரி என்று சொன்ன நேரத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வீட்டை இழந்தவருக்கு அது ஓடத் தொடங்கி எத்தனையோ நாள் ஆகியிருக்கும்.

அதோடு ஒப்பிட்டால், நாம் ஆசை ஆசையாகக் கேட்கும் கேள்வி உண்மையிலேயே கெடுதல் செய்கிறது: "நூறு ரூபாய் கொடுத்தா எத்தனை ரூபாய் மக்களுக்குப் போகுது, எத்தனை ரூபாய் ஆபீஸ் செலவு?" திருடுகிறார்களா என்று பார்ப்பதற்கு அது சரி. சரக்கு ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பதற்கு அது தலைகீழ் அளவு. ஏனென்றால் பேரிடர் இல்லாத மாதத்தில் கொடுக்கும் குடோன் வாடகை, ஸ்டாக் பார்க்கும் ஆளின் சம்பளம், எல்லாமே அதில் 'ஆபீஸ் செலவு'.

அந்தச் செலவு எதற்கு உதவும் என்று பாருங்கள். சுனாமி அனுபவத்துக்குப் பிறகு அதே செஞ்சிலுவைக் கூட்டமைப்பு எல்லாவற்றையும் ஜெனீவாவிலிருந்து நடத்துவதைக் குறைத்து கோலாலம்பூர், துபாய், பனாமா என்று வட்டார மையங்களை வளர்த்தது. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம் வந்தபோது கோலாலம்பூர் மையம் கைகொடுத்தது. முந்தைய பெரிய பேரிடர்களோடு ஒப்பிட்டால் வேகமாகவும் போனது, செலவும் குறைவு. நேபாளமும் அப்படித்தான். காத்மாண்டு விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றே ஒன்று. நிலநடுக்கம் வந்தால் அங்கே நெரிசலாகும் என்று முன்பே யோசித்து, ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் நிவாரணச் சரக்கைக் கையாள ஒரு தளம் அமைத்தது. திறந்தது 2015 மார்ச் கடைசியில். நிலநடுக்கம் வந்தது ஏப்ரல் 25. அது ஒரு வருடம் சும்மா கிடந்திருந்தால் "வெட்டிச் செலவு" என்று நாமே பதிவு போட்டிருப்போம்.

பணமே கூட நல்ல அளவில்லை. சுனாமி உதவியைப் பல அமைப்புகள் சேர்ந்து மதிப்பீடு செய்தபோது, பாதிக்கப்பட்டவர் ஒருவருக்கு 7,100 டாலர் என்ற கணக்கில் நிதி திரண்டிருந்தது தெரிந்தது. அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குச் செலவானது தலைக்கு 3 டாலர். கேமரா போன இடத்துக்குக் காசு போனது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு மட்டும் சில நாட்களிலேயே, சுனாமிக்கு எங்களிடம் போதுமான பணம் சேர்ந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. மற்ற அமைப்புகளுக்கு அப்போது கோபம்கூட வந்தது.

சரி, வேகத்தை அளந்தால் போதுமா? 2018 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் ஏரியா ஆட்களோடு லோடு ஏற்றிக்கொண்டு வேதாரண்யம் பக்கம் போனேன். மெயின் ரோட்டை ஒட்டிய ஊர்களில் வண்டிக்குப் பின்னால் வண்டி வந்து நின்றது. உள்ளே தள்ளியிருந்த ஊர்களில், மரம் விழுந்த பாதையைத் தாண்டி யாரும் போகவில்லை. வேகத்தை மட்டும் எண்ணினால் ரோட்டோரத்தில் இறக்கிவிட்டுத் திரும்புகிறவர்தான் முதல் மார்க் வாங்குவார். சராசரியும் அப்படித்தான் ஏமாற்றும். சுனாமியின்போது தலித் மக்களும் இருளர்களும் நிவாரணத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டது பல அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. மாவட்டக் கணக்கில் பார்த்தால் எல்லோருக்கும் அரிசி போயிருக்கும்.

ஆகவே நான் கேட்பது ஒரே கணக்குதான்: கடைசியாகப் பொருள் கிடைத்த வீடு எது, எத்தனையாவது நாள், கிடைத்தது அவர்களுக்கு வேண்டிய பொருள்தானா? இதை அவர்களிடமே போய்க் கேட்க வேண்டும். 2005இல் இந்தியா, இலங்கை, இந்தோனேசியா மூன்றிலும் நிவாரணம் வாங்கியவர்களிடமே கேட்டு ஃபிரிட்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க அமைப்பு ஆய்வு செய்திருக்கிறது, ஆகவே முடியாத காரியம் இல்லை. நாகையிலேயே மீனவர்களோடு வேலை செய்த சிஃப்ஸ், சினேகா என்ற தொண்டு அமைப்புகள் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து 2005 ஜனவரியில் ஒருங்கிணைப்பு மையம் திறந்து, எந்தக் கிராமத்தில் என்ன குறைகிறது என்று தகவல் திரட்டிக்கொண்டிருந்தன.

"உயிர் போற நேரத்தில எவன்யா ஃபாரம் எழுதுவான்?" என்று களத்தில் நிற்பவர்கள் கேட்பது நியாயம்தான். நீளமான ஃபாரம் வேண்டாம். ஊர் பெயர், பொருள், தேதி, போகாத தெரு. லோடு இறக்கும்போது டிரைவரே ஒரு சீட்டில் எழுதிவிடலாம், சோப்புக்கு அதைத்தானே செய்கிறோம்.

அடுத்த பருவமழைக்கு முன்னால் எங்கள் ஏரியா குழுவில் இந்தச் சீட்டைப் பழக்கப்படுத்தலாம் என்றேன், ஒத்துக்கொண்டார்கள். பழைய துணி வாங்க மாட்டோம் என்று போர்டு வைக்கலாம் என்றதற்குத்தான் சண்டை. கொடுக்க வருகிறவர்கள் மனம் புண்படுமாம். புண்படட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.