எட்டிப் பார்த்தவன் நான்தானாம்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், சங்கத்தின் இணையதளத்தில் அடுத்தவர் விவரம் தெரிகிறது என்று எழுந்து சொன்னவன் யார் என்று ஆளாளுக்கு விசாரித்துவிட்டீர்கள். ஆமாம், அந்தக் குற்றவாளி நான்தான்.

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எங்கள் குடியிருப்பின் இணையதளத்தில் பராமரிப்புக் கட்டணம் கட்டப் போனேன். அந்தப் பக்கத்தின் இணைய முகவரியின் கடைசியில் என் வீட்டு எண் 214 இருந்தது. 215 ஆக்கினேன். அடுத்த வீட்டின் நிலுவை, கைபேசி எண் எல்லாம் வந்து நின்றன. இதைக் கூட்டத்தில் சொன்னதற்குக் கிடைத்த பதில்: "நீங்கள் ஏன் சார் அங்கே எட்டிப் பார்த்தீர்கள்?"

தளத்துக்கு வந்திருப்பவர் யார் என்பதற்கு வந்தவர் நீட்டும் எண்ணை நம்பக் கூடாது. நான் சொன்னது இவ்வளவுதான். உலாவியும் சர்வரும் (தளத்தை நடத்தும் கணினி) பேசிக்கொள்ளும் முறையான ஹெச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதுமுகம். 1994இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் லூ மாண்டுல்லி குக்கீயை, அதாவது தளம் நம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பைக் கொண்டுவந்தது இந்த மறதிக்காகத்தான். கடவுச்சொல் சரியாக இருந்தால் சர்வர் யாராலும் ஊகிக்க முடியாத ஓர் அடையாளக் குறியை, அதாவது டோக்கனை, குக்கீயில் வைத்துத் தரும். அது யாருடையது என்ற பேரேடு சர்வரிடமே இருக்கும். நான் 214 என்று சொல்லவே வேண்டாம். சொன்னாலும் பேரேட்டைப் பார்க்காமல் நம்பக் கூடாது.

"எண்ணை மாற்றிப் பார்க்க யாருக்கு நேரம்?" என்கிறார்கள். இணையச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021இல் வெளியிட்ட பத்து அபாயங்களின் பட்டியலில், யாருக்கு எதைப் பார்க்க அனுமதி என்று சரிபார்க்காத இந்த வகைக் கோளாறுக்குத்தான் முதலிடம். நிறையப் பேருக்கு நேரம் இருக்கிறது போலும்.

"நீ மட்டும் தவறே செய்யாதவனா?" செய்தவன்தான். 2006இல் கோரமங்களாவில் வேலை பார்த்தபோது, விடுப்புக் கேட்கும் இணையப் படிவத்தில் பயனர் எண்ணை மறைத்து வைத்து அதையே நம்பினேன். என் குழுத் தலைவி அதை மாற்றிக் காட்டி, "உன் விடுப்புக்கு நீயே ஒப்புதல் கொடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே" என்றார். காது சூடாகிவிட்டது. ஆனால் ஏன் எட்டிப் பார்த்தீர்கள் என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

தனியாகச் சொல்லியிருக்கலாமே என்கிறவர்களுக்கு: செயலாளருக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை.

வாசலில் சிலிண்டர் கொண்டுவரும் பையனிடம் பெயர், வண்டி எண், வீட்டு எண் எல்லாம் கேட்டு, வீட்டுக்கும் போன் போட்டு உறுதிசெய்த பிறகுதான் உள்ளே விடுகிறோம். "214 சொன்னார்கள்" என்றால் விடுவோமா? மூன்று வருடம் சங்கக் கணக்கைச் சம்பளமில்லாமல் பார்த்தவன் நான். அப்போது யாரும் நான் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லவில்லை.

நேற்று, சரிசெய்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. திறந்தேன். முகவரியில் எண்ணைக் காணோம். பக்கத்தின் மூலநிரலுக்குள் போனேன் (இதுவும் எட்டிப் பார்த்தல்தான்). அங்கே மறைவாக உட்கார்ந்திருந்தது 214.