மழையில் வந்த பிழையை வெயிலில் தேடினால் கிடைக்குமா?

புது ஜீப் எடுத்தவர்களும் எடுக்கக் காசு சேர்த்துக்கொண்டிருப்பவர்களும் இதைப் பொறுமையாக வாசியுங்கள். நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. ஐந்து வருடம் பழைய வேனை ஒட்டி ஒட்டி ஓட்டிய எங்கள் வீட்டில், மே மாத ஆரம்பத்தில் ஒரு புது ஃபோர் வீல் ஜீப் வந்து நின்றது. பாதிக்கு மேல் கைக்காசு, மிச்சம் லீசிங். வெள்ளவத்தையில் இருப்பவனுக்கு எதற்கு ஃபோர் வீல் என்று கேட்டவர்கள் உண்டு. அம்மா மஸ்கெலியாவுக்கு மேலே, தோட்டப் பாதையில் கடைசி இரண்டு கிலோமீற்றர் கல்லும் சேறுமாகக் கிடக்கிற இடத்தில் இருக்கிறார். அங்கே மழைக்காலத்தில் ஏறி இறங்கத்தான் வாங்கினேன்.

ஜூன் நடுவில், அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிவரப் போனோம். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று வழி முழுக்க மழை. மறுநாள் காலை இறங்கும்போது, செங்குத்தான வளைவுக்கு முன்னால் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, குமிழை நாலு சில்லும் மெதுவாக, ஆனால் அதிக பலத்தோடு இழுக்கிற ஃபோர் லோவுக்குத் திருப்பினேன். விளக்கு மினுங்கியது. வழக்கமாக இரண்டு மூன்று வினாடியில் நிலையாக எரியும், அன்றைக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. சரி, பார்க்கிங் கியரில் போட்டுவிட்டு இறங்கிப் பார்க்கலாம் என்று பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்தினேன், வண்டி உருளத் தொடங்கிவிட்டது. பார்க்கிங் கியரில் இருக்கிற வண்டி! ஹாண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன், மனைவி குதித்து இறங்கிச் சில்லுக்கு அடியில் கல் வைத்தார். பின் சீட்டில் அம்மா என் சட்டைக் கொலரைப் பிடித்திருந்தார், பிடியை விட வெகுநேரமாயிற்று.

என்ன நடந்தது என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன். கியர்பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒன்று இருக்கிறது, சக்தியை முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். சாதாரண ஓட்டத்துக்கான ஹையிலிருந்து லோவுக்கு மாற்றுவது ஒரு சின்ன மின்மோட்டார். அந்த மோட்டார் நடுவழியில் நின்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டுக்கும் இடையில் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். அப்போது பார்க்கிங் கியர் பூட்டுவது கியர்பெட்டியை மட்டும்தான், சில்லுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மலைச்சரிவில் இது உயிர் போகிற விஷயம். இதைத்தான் வண்டியை விற்ற ஏஜன்ட் ‘சின்ன சென்சர் பிரச்சினை சேர், ரீசெட் பண்ணியாச்சு’ என்றார்கள்.

முதல் தடவை வண்டியை மூன்று நாள் வைத்திருந்தார்கள். மூன்று நாளும் கொழும்பில் நல்ல வெயில். காய்ந்த யார்டில் குமிழைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள், வேலை செய்திருக்கிறது. வேலை விவரம் எழுதுகிற ஜொப் கார்டில் ‘கியர் மாற்றுவதில் சிரமம் என வாடிக்கையாளர் கூறுகிறார், பிழை எதுவும் காணப்படவில்லை’ என்று ஒரு வரி. நான் சொன்னது அதுவா? வண்டி பார்க்கிங்கில் உருண்டது என்று சொன்னேன். அந்த வார்த்தையே கார்டில் இல்லை. நானும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகு நடந்த ஒவ்வொரு பேச்சிலும் அந்த ஒற்றை வரியைத்தான் என் முன்னால் நீட்டினார்கள்.

அதனால் சொல்கிறேன், வண்டியைக் கொடுக்கும்போது நீங்கள் சொன்ன வார்த்தை அப்படியே கார்டில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். எங்கே, எத்தனை மணிக்கு, மழையா வெயிலா, சரிவா சமதரையா, மீற்றரில் எத்தனை கிலோமீற்றர், எல்லாம் ஏற வேண்டும். கவுண்டரில் இருக்கும் தம்பி ‘அதெல்லாம் எழுத இடமில்லை அண்ணா’ என்பார். வேறு தாளில் எழுதி இணைக்கச் சொல்லுங்கள், கொப்பி ஒன்றில் சீல் வாங்குங்கள். அடுத்த தடவை விளக்கு மினுங்கினால், மீற்றரும் வெளியே மழையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை நான் அப்படித்தான் செய்தேன். அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் எதிரில் இருந்தவரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

இரண்டாம் தடவையும் ‘பிழை இல்லை’ என்று திருப்பித் தந்தார்கள். அங்கிருந்து நேரே பஞ்சிகாவத்தையில் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் போனேன். ஸ்கேனரை மாட்டினார், பழைய பிழைக் கோட் ஒன்று பதிவில் கிடந்தது. பிறகு அடியில் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, என்னையும் படுக்கச் சொன்னார். மோட்டாருக்குப் போகிற வயர் பிளக்கின் ரப்பர் ஓரம் சரியாக உட்காரவில்லை. அந்த இடுக்கில், பித்தளைச் செம்பில் பூக்குமே, அதே பச்சைக் களிம்பு. தண்ணீர் போகிறது, ஈரமாக இருக்கும்போது மின்சாரம் சரியாகப் போகவில்லை, காய்ந்தால் சரியாகிவிடுகிறது. ‘நான் கழற்ற மாட்டேன். கை வைத்தேன் என்றால் வொரண்டி இல்லை என்று உங்களை அனுப்பிவிடுவார்கள். படம் எடுத்துக்கொண்டு போங்கள்’ என்றார். ஐந்து சதம் வாங்கவில்லை.

படத்தைக் காட்டினதும் ஏஜன்ட் கதையை மாற்றினார்கள். அதுவரை பிழையே இல்லை என்றவர்கள், இப்போது பிழை இருக்கிறது, ஆனால் தண்ணீரால் வந்தது, தண்ணீர்ச் சேதம் உத்தரவாதத்தில் வராது என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். இந்த வண்டியை எனக்கு விற்ற புத்தகத்தின் நடுப்பக்கத்தில் அது ஓர் ஆற்றுக்குள் இறங்கி நிற்கிறது. எத்தனை மில்லிமீற்றர் ஆழத் தண்ணீரில் போகலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. நான் ஆற்றுக்குள் இறக்கவில்லை, மழையில் தார் ரோட்டிலும் தோட்டப் பாதையிலும் போனேன். தென்மேல் பருவமழையில் மஸ்கெலியா ரோட்டில் ஓட முடியாத ஃபோர் வீலை எந்த நாட்டில் ஓட்டுவது? அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன், மேசையில் விரித்துக் காட்டினேன். நீங்களும் வண்டி வாங்கும்போது கொடுக்கிற விளம்பரப் புத்தகத்தைத் தூக்கி எறியாதீர்கள். வண்டி எதைத் தாங்கும் என்று விற்றவரே சொன்ன வாக்கு அது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அடியில் படுத்து வேலை செய்கிற பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏஜன்ட் வொரண்டியில் செய்கிற வேலையின் செலவைத் தயாரிப்பு நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும், காரணத்தைக் காட்ட முடியாவிட்டால் அங்கே மறுத்துவிடுவார்கள். வந்து போகிற பிழை என்றால் யாருக்கும் கை வைக்கப் பயம். அது அவர்கள் இரண்டு பேருக்கும் இடையிலான கணக்கு. அதற்கு நான் ஏன் சரிவில் உருள வேண்டும்?

சிங்கப்பூரில் 2012 செப்டெம்பரிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. பொருளை வாங்கி ஆறு மாதத்துக்குள் பிழை வந்தால், அது கொடுக்கும்போதே இருந்த பிழை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு. இங்கே அந்தச் சுமை முழுவதும் வாங்கினவன் தலையில். ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்றும் நினைக்காதீர்கள். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில், கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருளைப் பற்றி அதிகாரசபையிடம் முறையிடலாம். விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றவோ பணத்தைத் திருப்பவோ உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். இந்த மூன்று மாதம்தான் ஆபத்து. ‘அடுத்த வாரம் பார்ப்போம் சேர்’ என்று இரண்டு தடவை கேட்டால் ஒரு மாதம் போய்விடும். எனக்குத் தெரிந்தபோது பத்து நாள்தான் மிச்சம். கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதி அலுவலகத்தில் ஜொப் கார்டுகள், படங்கள், வீடியோ, புத்தகத்தின் அந்தப் பக்கம் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தேன். முதலில் ஃபோனில் கேட்க வேண்டும் என்றால் 1977. லீசிங்கில் எடுத்தவர்கள் லீசிங் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தவணை முடியும்வரை வண்டி அவர்கள் பெயரிலும்தானே இருக்கிறது.

முறைப்பாட்டின் பிரதி கைக்குப் போன ஐந்தாம் நாள் ஏஜன்ட் பக்கமிருந்து ஃபோன் வந்தது. மோட்டாரையும் வயர் தொகுதியையும் மாற்றித் தருகிறோம், நல்லெண்ண அடிப்படையில், காசு வேண்டாம். நான் மாட்டேன் என்றேன். வீட்டில் எல்லோரும் திட்டினார்கள், இலவசமாகத் தருவதை ஏன் மறுக்கிறாய் என்று. ‘நல்லெண்ணம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் பிழை தங்களுடையது என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். நாளைக்கு அதே மோட்டார் மறுபடி நின்றால், அன்றைக்குப் பெரிய மனசு பண்ணினோம், இன்றைக்கு முடியாது என்று சொல்ல வழி இருக்கிறது. ‘உத்தரவாதத்தின் கீழ் மாற்றப்பட்டது’ என்று எழுதிய பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். அதற்காக இன்னும் நாலு நாள் இழுத்தார்கள்.

வேலை முடிந்து எடுக்கப் போன அன்று நல்ல மழை. டெக்னீஷியன் தம்பியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, தண்ணீர் நின்ற வீதிகளில் அரை மணித்தியாலம் சுற்றிவிட்டு, யார்டின் ஏற்றத்தில் நிறுத்தி ஃபோர் லோ போட்டேன். இரண்டு வினாடி. விளக்கு நிலையாக எரிந்தது. பதினைந்து தடவை செய்து பார்த்தோம். தம்பி பதுளைப் பிள்ளை, ‘அண்ணா, முதல் தடவையே இப்படிப் பார்த்திருக்கலாம்’ என்றார் மெதுவாக.

எல்லாம் சேர்த்து 47 நாள் வண்டி அவர்கள் யார்டில் நின்றது. அந்த 47 நாளும் லீசிங் தவணை போனது, மூன்று வருட வொரண்டியும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நாட்களை உத்தரவாதக் காலத்தின் முடிவில் சேர்த்துத் தர வேண்டும் என்று பதிவுத் தபாலில் கடிதம் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. பதில் வந்தால், என்ன பதில் என்றாலும், இங்கேயே போடுகிறேன். உங்களில் யாருக்காவது அப்படிச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்களா? எழுத்தில் வாங்கியவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள், அடுத்த கடிதத்தில் சேர்த்துக்கொள்வேன்.