"ஒரு நிமிட வேலை" என்பது காரணம் ஆகாது

அறுவைக்கு முன் குழந்தைகளை அழ அழ மயக்கத்துக்குக் கொண்டுபோவதைப் பற்றி முந்தாநாள் எழுதியிருந்தேன். அதன் கீழே, "எல்லாக் குழந்தையும்தான் அழும், இதற்கெல்லாமா ஒரு பதிவு?" என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், இதற்குத்தான். இன்னொன்றும் எழுதுகிறேன்.

என் தங்கை மகனுக்கு நான்கு வயது, குடலிறக்க அறுவை. தியேட்டர் வாசலில் தாயின் இடுப்பிலிருந்து பிய்த்தெடுத்து, நான்கு பேர் கைகால்களை அமுக்கிப் பிடித்து முகத்தில் மயக்க மருந்து மாஸ்க்கை வைத்தார்கள். அவன் கத்தியது கதவுக்கு வெளியே நின்ற எங்களுக்குக் கேட்டது. "ஒரு நிமிட வேலைதானே அம்மா" என்றார்கள்.

அந்த ஒரு நிமிடத்துக்கு மருந்து இருக்கிறது. மிடசோலம், மயக்கத்துக்கு முன் பதற்றத்தைத் தணிக்கக் கொடுப்பது. வாய்வழியாக வழக்கமான அளவு கிலோவுக்கு அரை மில்லிகிராம். 16 கிலோ இருக்கும் அவனுக்கு 8 மில்லிகிராம். கசக்கும், இனிப்புச் சாற்றில் கலந்து கொடுப்பார்கள். 20, 30 நிமிடத்தில் குழந்தை தளர்ந்துவிடும், அழாமல் கைமாறும், பெரும்பாலும் நடந்தது நினைவிலும் நிற்காது. விழுங்க மறுக்கும் குழந்தைக்கு மூக்கில் விடும் மருந்துகள் இருக்கின்றன. ஊசி குத்தும் இடத்தை மரத்துப்போகச் செய்யும் களிம்பும் இருக்கிறது, ஒரு மணி நேரம் முன்னால் தடவினால் போதும். இவற்றில் எதுவும் நேற்று வந்தது அல்ல.

"நேரம் இல்லை" என்கிறீர்கள். காலை ஆறு மணிக்கு வரச் சொல்லி, பதினொரு மணிக்கு உள்ளே எடுத்தார்கள். ஐந்து மணி நேரத்தில் அந்த 20 நிமிடம் இல்லையா? தெளிந்த தண்ணீர் மயக்கத்துக்கு 2 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம். அதைக்கூட யாரும் சொல்லவில்லை. நா வறண்டு கிடந்தான்.

"மருந்து ஆபத்து" என்பதை மறுக்கவில்லை. மூச்சைக் குறைக்கலாம், அதனால் கொடுத்த பிறகு ஆக்சிஜன் அளவைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் திணறும் குழந்தைக்குத் தவிர்ப்பார்கள். சில குழந்தைகள் அடங்குவதற்குப் பதில் ஆவேசப்படும். முடிவு மயக்கவியல் மருத்துவருடையதுதான். ஆனால் இவனுக்கு யாரும் யோசித்தே பார்க்கவில்லை, அதுதான் என் கோபம்.

"நாங்களும் இப்படித்தான் வளர்ந்தோம்." நானும்தான். ஏழு வயதில் டான்சில் அறுவை. கறுப்பு ரப்பர் மாஸ்க்கின் வாடை நாற்பது வருடமாகப் போகவில்லை. இன்றும் பல் மருத்துவர் நாற்காலியைச் சாய்த்தால் எனக்குக் கை வியர்க்கிறது. இதையா அந்தப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும்?

வெளியே தேம்பிக்கொண்டிருந்த தங்கையிடம், "நீங்கள் அழுவதால்தான் அவனும் அழுகிறான்" என்றார் ஒருவர். இப்போது இரவில் மூன்று முறை அலறி எழுகிறான். குளியலறைக்குக்கூட அவளைத் தனியாக விடுவதில்லை. அவளோ தன் அழுகைதான் காரணம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த வார்த்தையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் மறுபக்கத்துக்கு அறுவை. இந்த முறை அறுவைக்கு முந்தின நாளே மயக்கவியல் மருத்துவரைப் பார்த்துக் கேட்கப் போகிறோம். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம். "ஒரு நிமிட வேலை" என்று மட்டும் சொல்ல வேண்டாம்.