ப்ரீசேலில் ஏமாந்தவர்களைத் திட்டுவதை முதலில் நிறுத்துங்கள்

ஒரு கிரிப்டோ டோக்கனைச் சந்தைக்கு வரும் முன்பே அதை உருவாக்கியவர்கள் தங்கள் வெப்சைட்டில் கட்டம் கட்டமாக விற்பதுதான் ப்ரீசேல். அப்படியொன்றை விளம்பரம் செய்த இன்ஃப்ளூயன்ஸரின் லைவ் வீடியோவை நானும் கடைசிவரை பார்த்தேன். யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை, இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். “ஸ்டேஜ் 4 முடியப்போகுது, நாளைக்கு இந்த விலைக்குக் கிடைக்காது” என்று வாராவாரம் சொன்னவர், டோக்கன் லிஸ்ட் ஆகி, அதாவது சந்தைக்கு வந்து, விலை தரையைத் தொட்ட பிறகு ஒரே வரியில் முடித்துவிட்டார்: “நீங்கதான் படிச்சுப் பார்த்து வாங்கியிருக்கணும்.” அதற்குக் கீழே வரிசையாக “பேராசை பிடிச்சவங்களுக்கு நல்லா வேணும்” என்று கமெண்ட். அவர் சொன்னதைவிட அந்தக் கமெண்ட்டுகள்தான் என்னை அதிகம் வருத்தின.

எதைப் படித்துப் பார்ப்பது? ப்ரீசேலில் உங்கள் பணம் என்ன ஆகும் என்று அந்த வெப்சைட்டில் எழுதியிருப்பது உங்களைக் கட்டுப்படுத்தும், அவர்களைக் கட்டுப்படுத்தாது. பணம் அனுப்பிய நொடியிலிருந்து எல்லாப் பொத்தானும் அவர்கள் கையில். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

வாங்குகிறவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். முதலில் ரூபாயை யுஎஸ்டிடி (டாலர் மதிப்பையொட்டிய கிரிப்டோ நாணயம்) ஆக்க வேண்டும். பலர் பி2பி-யில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடி விற்பனையில், முகம் தெரியாத ஆளிடம் வாங்குகிறார்கள். அந்த ஆளின் வங்கிக் கணக்கில் ஏற்கெனவே மோசடிப் பணம் புரண்டிருந்தால், வேறு மாநில சைபர் போலீஸ் சொல்லி உங்கள் வங்கிக் கணக்கும் முடங்கலாம். டோக்கனைக் கண்ணில் பார்ப்பதற்கு முன்பே வருகிற ஆபத்து இது. அடுத்து வாலட்டை (கிரிப்டோ வைத்திருக்கும் செயலியை) வெப்சைட்டோடு இணைக்கிறார். உங்கள் யுஎஸ்டிடியை எடுத்துக்கொள்ள ‘அப்ரூவ்’, அதாவது அனுமதி, கேட்கிறது. அந்த அனுமதியில் தொகைக்கு வரம்பு வைக்காமல் கேட்கிற தளங்கள் ஏராளம். அதை அப்படியே கையொப்பமிட்டால், இன்று 200 டாலருக்கு வாங்கினாலும், நாளை அந்த வாலட்டுக்கு வருகிற யுஎஸ்டிடி முழுவதையும் அந்தத் தளத்தின் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரல்) எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் ‘பை’ அழுத்துகிறார். யுஎஸ்டிடி போய்விடுகிறது. பதிலுக்கு வருவது திரையில் ஓர் எண்.

ஒருவர் எனக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ‘உங்கள் டோக்கன்: 1,20,000’ என்று பெரிதாக இருந்தது. பக்கத்திலேயே டோக்கனை எடுத்துக்கொள்வதற்கான ‘க்ளைம்’ பொத்தான், சாம்பல் நிறத்தில், அழுத்த முடியாமல். வாலட் முகவரியை எக்ஸ்ப்ளோரரில் (பிளாக்செயினின் பொதுப் பதிவைத் தேடிப் பார்க்கும் தளத்தில்) போட்டுப் பார்த்தால் அந்த டோக்கன் ஒன்றுகூட இல்லை. அந்தப் பொத்தானை என்றைக்குத் திறப்பது, எத்தனை சதவீதம் முதலில் விடுவது, மீதியை எத்தனை மாதம் இழுப்பது, எல்லாம் அவர்கள் இஷ்டம். மேலே ஓடுகிற ‘இதுவரை திரட்டியது’ மீட்டரும் அப்படித்தான். அது வெப்சைட்டில் எழுதிய ஓர் எண். பல பிளாக்செயின்களிலும் கார்டிலும் பணம் வாங்குவதால் வெளியிலிருந்து யாரும் கூட்டிச் சரிபார்க்க முடியாது. தங்கள் பணத்தையே உள்ளே அனுப்பி, வெளியே எடுத்து, மறுபடி அனுப்பினாலும் மீட்டர் ஏறும்.

இப்போது லிஸ்டிங் அன்று நடப்பதற்கு வருவோம். இதை யாரும் அந்த லைவில் கேட்கவே இல்லை. ஒரு சின்னக் கணக்கு போடலாம். 40 கோடி டோக்கனை தலா 0.0025 டாலருக்கு விற்று 10 லட்சம் டாலர் திரட்டுகிறார்கள். அதில் 20 சதவீதம், அதாவது 2 லட்சம் டாலரை லிக்விடிட்டி பூலில் (வாங்க, விற்க டாலரும் டோக்கனும் சேர்த்து வைக்கும் இருப்பில்) போடுகிறார்கள். கூடவே அதே மதிப்புக்கு 8 கோடி டோக்கன். விலை அதே 0.0025-இல் தொடங்குகிறது. யுனிஸ்வாப் (தானியங்கிக் கிரிப்டோ சந்தை) வகை பூலில் இரு பக்க இருப்பின் பெருக்குத்தொகை மாறாது. ப்ரீசேலில் வாங்கியவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் 8 கோடி டோக்கனை விற்றால் பூலில் 16 கோடி டோக்கனும் 1 லட்சம் டாலரும் நிற்கும். விலை நாலில் ஒரு பங்கு. எல்லோரும் 40 கோடியையும் விற்றால்? பூலில் 33,333 டாலர்தான் மிஞ்சும். விலை 36-இல் ஒரு பங்கு. போட்டது 10 லட்சம், எல்லோரும் சேர்ந்து எடுக்க முடிந்தது சுமார் 1 லட்சத்து 67 ஆயிரம். புதிதாக யாராவது வெளியிலிருந்து வந்து வாங்கினால்தான் இந்தக் கணக்கு மாறும். டீமுக்கென்று ஒதுக்கிய டோக்கன்களை இதில் நான் சேர்க்கவே இல்லை. அவர்கள் விற்க ஆரம்பித்தால் இதுவும் கிடைக்காது.

ஆகவே டீம் கெட்டவர்களாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. யாரும் திருடாமலேயே பணம் போகிற அமைப்பு இது. திருடினால் இன்னும் வேகமாகப் போகும், அவ்வளவுதான்.

2021 அக்டோபரில் அனுபிஸ்டாவ் என்ற கிரிப்டோ திட்டத்தின் டோக்கன் விற்பனை தொடங்கி ஒரு நாள் முடிவதற்குள் 13,556 ஈத்தர் (ஈத்தரியம் பிளாக்செயினின் நாணயம்), அன்றைய மதிப்பில் சுமார் 6 கோடி டாலர், வேறொரு முகவரிக்குப் போய்விட்டது. அதே சமயத்தில் வந்த ஸ்க்விட் டோக்கன் 2,861 டாலர் வரை ஏறியது. ஏற ஏற, கையில் வைத்திருந்தவர்கள் விற்க முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விலை சரியாமல் காக்கும் ஏற்பாடு என்று நல்ல பெயர் சூட்டி விற்பனைக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். 2021 நவம்பர் 1 அன்று சில நிமிடங்களில் அது சைபருக்குப் பக்கத்தில் வந்தது.

2024 மார்ச்சில் ஸ்லெர்ஃப் என்ற டோக்கனின் கதை வேறு. சொலானா பிளாக்செயினில் ப்ரீசேல் நடத்தி சுமார் 1 கோடி டாலர் திரட்டிய டெவலப்பர், லிக்விடிட்டியோடு சேர்த்து ப்ரீசேல்காரர்களுக்கு வைத்திருந்த டோக்கன்களையும் தவறுதலாக எரித்துவிட்டதாக (நிரந்தரமாக அழித்துவிட்டதாக) அவரே அறிவித்தார். புதிதாக அச்சடிக்கும் (மின்ட்) உரிமையை ஏற்கெனவே ரத்து செய்திருந்ததால் திரும்ப உருவாக்கவும் முடியவில்லை. ‘மின்ட் உரிமை ரத்தா என்று பார்த்து வாங்கு’ என்பது எல்லா அறிவுரைப் பட்டியலிலும் முதல் வரி. படித்துப் பார்த்து வாங்கியவருக்கும் அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. பொத்தான் அவர் கையில் இல்லை.

“ஆடிட் ஆகியிருந்ததே” என்கிறார்கள். ஆடிட் என்பது கொடுத்த கோடில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. திரட்டிய பணம் எந்த வாலட்டில் இருக்கிறது, அதன் சாவி ஒருவரிடமா ஐந்து பேரிடமா, நாளை அவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அது பொறுப்பேற்காது. ப்ராக்ஸி, அதாவது உள்ளிருக்கும் கோடை மாற்ற வசதியுள்ள, கான்ட்ராக்ட்டாக இருந்தால் ஆடிட் ஆன கோடையே பிறகு மாற்றிவிடலாம். பல ப்ரீசேல்களில் ஆடிட் ஆவது டோக்கன் கான்ட்ராக்ட் மட்டும், பணம் வாங்குகிற கான்ட்ராக்ட் வேறு.

“பங்குச் சந்தையிலும்தான் நஷ்டம் வருது, அதுக்கு யாரும் அழுறதில்லையே” என்று ஒருவர் என்னிடமே வந்து கேட்டார். ஐபிஓ-வில் (புதுப் பங்கு வெளியீட்டில்) நஷ்டம் வரும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒதுக்கீடு ஆகும்வரை பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே முடக்கித்தான் வைக்கப்படுகிறது. 90 சதவீதமாவது விண்ணப்பம் வராவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். மூன்று வேலை நாளில் லிஸ்டிங். நிறுவனர்களின் பங்கில் குறைந்தபட்சப் பகுதி 18 மாதமாவது பூட்டப்படும். ப்ரீசேலில் இதில் எது இருக்கிறது? ஒன்றையாவது காட்டுங்கள். ஊரில் ஏலச்சீட்டு பிடித்தவர் ஓடினால்கூட அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம். இங்கே டெலிகிராம் குரூப் அட்மினின் பெயரே தெரியாது.

“ஈத்தரியமும் 2014-இல் முன்விற்பனைதானே” என்பவர்களுக்கு: ஆமாம். அதை வைத்து இன்றைய ப்ரீசேலை விற்காதீர்கள்.

விளம்பரம் செய்கிறவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று யார் சொன்னது? 2022 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் கிரிப்டோ விளம்பரம் செய்கிற எவரும், இன்ஃப்ளூயன்ஸர் உட்பட, இது ஒழுங்குமுறைக்கு உட்படாதது, நஷ்டத்துக்கு முறையிட இடமில்லாமல் போகலாம் என்ற எச்சரிக்கையைப் போட வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் விதி இருக்கிறது. அமெரிக்காவில் கிம் கர்தாஷியன் 2,50,000 டாலர் வாங்கியதைச் சொல்லாமல் ஈத்தரியம்மேக்ஸ் என்ற டோக்கனை முன்னிறுத்தியதற்கு 2022-இல் 12.6 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்தார். இங்கே காசு வாங்கினேனா, டோக்கன் வாங்கினேனா என்று ஒரு வார்த்தை வராது. ஆனால் தப்பு வாங்கியவருடையது!

இத்தனையும் போக வரி. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம், அந்த வரியின் மேல் 4 சதவீதம் செஸ். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது. ப்ரீசேல் டோக்கனில் 1 லட்சம் போய், பிட்காயினில் 1 லட்சம் வந்தால் உங்கள் கையில் மிச்சம் ஒன்றுமில்லை, ஆனாலும் 31,200 ரூபாய் வரி கட்ட வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போட்டவருக்கு இதை யாராவது அந்த மூன்று மணி நேர லைவில் சொன்னார்களா?

வீட்டில் சொல்ல முடியாமல், நண்பரிடம் சொல்ல முடியாமல், வெளியே வந்தால் “பேராசை” என்று கேட்க வேண்டியிருக்குமே என்று வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கமெண்ட்டுக்குப் பயந்துதான் அவர்கள் புகார்கூடக் கொடுப்பதில்லை. அது யாருக்கு வசதி என்று யோசியுங்கள்.

பணம் போனவர்கள் இதை மட்டும் இன்றே செய்யுங்கள். அந்த வாலட்டில் மிச்சம் இருப்பதைப் புது சீட் ஃப்ரேஸ் (வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்கள்) கொண்ட வேறு வாலட்டுக்கு மாற்றுங்கள். பழையதில் கொடுத்த அப்ரூவல்களை எக்ஸ்ப்ளோரர் வழியாக ரிவோக் (ரத்து) செய்யுங்கள். அனுப்பிய ஒவ்வொரு பரிவர்த்தனையின் ஹாஷையும் (அடையாளக் குறியீட்டையும்), பி2பி-யில் ரூபாய் போன கணக்கு விவரத்தையும் எழுதி வையுங்கள். டெலிகிராம் டெஸ்க்டாப்பில் அந்தக் குரூப்பின் முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அட்மின் நினைத்தால் எல்லோருக்கும் சேர்த்து அழித்துவிட முடியும். பிறகு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். “பணத்தை மீட்டுத் தருகிறேன், முதலில் கட்டணம் அனுப்பு” என்று ஒருவன் இன்பாக்ஸுக்கு வருவான். குரூப்பில் அழுதவர்களின் பட்டியல் அவனிடம் இருக்கும். பதில்கூடப் போடாமல் பிளாக் செய்யுங்கள்.