ரத்தம் தொடுவது உலோகத்தை அல்ல

'உலோகம் பட்டதும் ரத்தம் உறையும்' என்று செயற்கை இதய வால்வுக் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! இடையில் நடப்பதல்லவா முக்கியம்? வால்வின் மேல் ரத்தம் பட்ட சில நொடிகளிலேயே புரதங்கள் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. ரத்தத்தை உறையவைக்கும் சிற்றணுக்களான தட்டணுக்கள் வந்து சந்திப்பது அந்தப் படலத்தைத்தான். அதிலுள்ள ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதம் ஒட்டிய வேகத்தில் உருக்குலைந்தால், தட்டணுக்கள் பற்றிக்கொள்ளும் பகுதி வெளியே தெரிந்துவிடும். உறைதலுக்கு அங்கேதான் வழி திறக்கிறது.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழு உருவாக்கி, 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்திய வால்வையே பாருங்கள். திறந்து மூடும் வட்டு பாலிஎத்திலீன், அதைத் தாங்கும் கூடு கோபால்ட்-குரோமியக் கலவை, இதயத்தோடு சேர்த்துத் தைக்கும் வளையம் பாலியஸ்டர் துணி. அந்தத் துணிக்குள் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். வட்டின் பக்கம் அது எட்டிப் பார்க்கவே கூடாது. ஒரு சிறு கருவிக்குள் இப்படி நேரெதிரான இரண்டு தேவைகள். அந்தக் குழுவை எத்தனை பாராட்டினாலும் தகும்.

என் அம்மாவுக்கும் உலோக வால்வுதான்; ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் உண்டு. "வால்வு வைத்தாயிற்றே, இன்னும் எதற்கு வார்ஃபரின்?" என்று கேட்காத உறவினர் இல்லை. மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அடுத்த பகுதியில் இதைத் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.