மெக்னீசியம் ராடு கேட்டால் மெக்னீசியம் ராடு கொடுங்கப்பா

கடலூர், புதுச்சேரி பக்கம் டிக் வெல்டிங் (ஆர்கான் வாயு விட்டு, ராடு என்கிற கம்பியை உருக்கி ஒட்டுகிற முறை) பட்டறை வைத்திருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள், கடைக்குப் போய் மெக்னீசியம் ராடு என்று கேட்டால் கையில் என்ன கொடுக்கிறார்கள் என்று. 5356! அலுமினிய ராடு! "இதுலயும் மெக்னீசியம் இருக்குண்ணே, 5 பர்சென்ட் போட்டிருக்கான் பாருங்க" என்று விளக்கம் வேறு. 5 சதவீதம் மெக்னீசியம் சேர்த்த அலுமினியம் அலுமினியம்தானே அய்யா. எனக்கு வேண்டியது ஏஇசட் 92ஏ. அதில் மெக்னீசியம்தான் அடிப்படை, அதோடு நூற்றுக்கு 9 பங்கு அலுமினியமும் 2 பங்கு துத்தநாகமும். இந்த வித்தியாசம் தெரியாமல் வெல்டிங் சாமான் கடை எதற்கு நடத்துகிறார்கள் என்றுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

இது ஏதோ ஏரோப்ளேன் பாகம் ஒட்டுகிறவன் கவலை என்று நினைக்காதீர்கள். எங்கள் மாவட்டத்தில் மரம் அறுக்கும் மெஷின் இல்லாத ஊர் கிடையாது. சவுக்குத் தோப்பு வெட்ட அதுதான், பண்ருட்டியில் முந்திரி கிளை கழிக்க அதுதான். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் சாய்ந்த மரங்களையும், 2024-இல் ஃபெஞ்சல் வந்தபோது ரோட்டில் விழுந்த மரங்களையும் அறுத்துத் தள்ளியதும் அதுதான். ஒருத்தர் கையில் பிடித்து நாள் முழுக்க அறுக்க வேண்டும் என்பதால் நல்ல மெஷின்களில் கிராங்க் கேஸை, அதாவது இன்ஜினின் வெளிக்கூட்டை, மெக்னீசியத்தில்தான் வார்க்கிறார்கள். ஒரு கன சென்டிமீட்டர் மெக்னீசியம் 1.74 கிராம், அலுமினியம் 2.7. அந்தக் கேஸ் பெரும்பாலும் செயின் ஓடுகிற பட்டையைப் பிடிக்கும் பார் போல்ட் ஏறுகிற இடத்தில்தான் விரிசல் விடும், செயின் ஆயில் அங்கிருந்து கசிய ஆரம்பிக்கும். புதுக் கேஸ் விலை கேட்டால் மெஷின்காரருக்குத் தலை சுற்றுகிறது, உடனே ஒட்டிக் கொடுங்கள் என்று தூக்கிக்கொண்டு வருகிறார்.

வருவதும் சுத்தமாக வருகிறதா என்றால் அதுவும் இல்லை. ஏற்கெனவே எங்கேயோ 5356 வைத்து ஒட்டியிருப்பார்கள். மேலே பார்த்தால் பளபளவென்று மீன் செதில் மாதிரி அழகாக இருக்கும், ஓரத்தில் தட்டினால் பிஸ்கட்டாக உடையும். மெக்னீசியமும் அலுமினியமும் பாதிக்குப் பாதி கலக்கிற இடத்தில் உருவாகிற சேர்மம் அப்படி, கண்ணாடி போல நொறுங்கும். சில சமயம் ஆறும்போதே டிக் என்று சத்தம் கேட்கும், கீறல் விழுந்திருக்கும். அந்த அலுமினியம் மொத்தத்தையும் நல்ல மெக்னீசியம் தெரிகிற வரைக்கும் தோண்டி எடுத்தால்தான் மறுபடி ஒட்ட முடியும். சுண்டுவிரல் நீளக் கீறலாக இருந்தது பெரிய குழியாகிவிடுகிறது. கொஞ்சம் சூடு காட்டினால் வார்ப்பின் துளைகளிலிருந்து பழைய ஆயில் வியர்வையாகக் கசிந்து வரும், துடைக்க வேண்டும், மறுபடி சூடு, மறுபடி துடைக்க வேண்டும். இத்தனையும் செய்து கூலி சொன்னால், "போன கடையில பாதிக்குப் பாதிதான் வாங்குனாங்க" என்கிறார்கள். போன கடையில் நின்றதா?

கடைக்காரரிடம் நான் கேட்பது என்ன பெரிய விஷயமா? பெட்டியில் கிரேடு எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல கம்பெனி ராடு என்றால் முனையிலேயே எண் குத்தியிருக்கும் அல்லது சீட்டு ஒட்டியிருக்கும். இங்கே சுருட்டிய பேப்பரில் பெயர் இல்லாத கம்பியை நீட்டுகிறார்கள். கையில் தூக்கினாலே தெரிகிறது, அதே தடிமன் மெக்னீசியம் ராடு மூன்றில் ஒரு பங்கு எடை குறைவாக இருக்க வேண்டும். அப்படியும் சந்தேகம் என்றால் தேய்த்த இடத்தில் வினிகர் ஒரு சொட்டு விடுங்கள், மெக்னீசியம் என்றால் பொங்கும், அலுமினியம் சும்மா இருக்கும். அதைக் கடை வாசலிலேயே செய்து காட்டினேன். "எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க, உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை" என்று பதில்.

சரி, ஆர்டர் போட்டு வரவழையுங்கள் என்றால் கிலோ கணக்கில் எடுக்கச் சொல்கிறார்கள். இந்தக் கடற்கரை உப்புக் காற்றில் மெக்னீசியம் ராடை அவ்வளவு வாங்கி வைத்து நான் என்ன செய்ய? மூடி போட்ட குழாயில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தாலே ஒவ்வொரு தடவையும் ஸ்டீல் நாரால் தேய்த்து, அசிட்டோன் துணியில் கறுப்பு வராத வரைக்கும் துடைத்துத்தான் எடுக்கிறேன். மேலே படிகிற ஆக்சைடு உருக 2,800 டிகிரி வேண்டும், உள்ளே இருக்கிற உலோகம் 650-லேயே உருகிவிடும். மெஷினை ஏசி கரண்ட்டில் வைத்து எவ்வளவு ஆர்கான் விட்டாலும் அழுக்கு ராடு அழுக்கு ஒட்டைத்தான் தரும்.

ராடு கிடைக்காமல் கடைசியில் நாங்கள் செய்வது, செத்துப்போன மெஷினின் கேஸை வாங்கி, பெயின்ட் சுரண்டி, கீற்றுக் கீற்றாக அறுத்து அதையே ராடாக ஊற்றுவது. அவசரத்துக்கு ஓடுகிறது. ஆனால் அழுத்தி வார்த்த கேஸில் காற்று அடைத்திருக்கும், ஒட்டில் குமிழ் குமிழாக வரும். அறுக்கும்போது பறக்கிற தூளோ சின்னப் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் பெரிதாகும், காய்ந்த மணல்தான் போட வேண்டும். ஒரு ராடு ஒழுங்காகக் கிடைத்தால் இந்த ஆபத்து எதற்கு? பக்கத்தில் வேலை கற்றுக்கொள்கிற சின்னப் பையன் நிற்கிறான், அவன் கண்ணுக்கு யார் பொறுப்பு?

இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அலுமினிய ராடைக் கொடுத்து மெக்னீசியம் என்று பில் போடாதீர்கள். அப்புறம், கடலூரிலோ புதுச்சேரியிலோ யாரிடமாவது சீல் பிரிக்காத ஏஇசட் 92ஏ அல்லது அதே மாதிரி மெக்னீசியம் ராடான ஏஇசட் 101ஏ, 2.4 எம்எம் தடிமனில் இருந்தால் சொல்லுங்கள். கிலோ வேண்டாம், நாலைந்து ராடு போதும், இன்றைக்கே வந்து காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.